ஓபர்லின் மாணவர்கள் எல்லாரும் அப்படித்தானா?

உங்கள் மகளுக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அங்கேதான் போக வேண்டும். உங்களுக்கோ, விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே மாதிரி பதில் வந்திருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் எந்நேரமும் தட்டி பிடித்துப் போராடுவார்கள், கறி மீன் தொடமாட்டார்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கிழிந்த துணி போட்டு ஏழை மாதிரி திரிவார்கள், படிப்பு முடிந்தால் வேலை கிடைக்காது. இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அந்தக் கல்லூரி தெரிந்தது மதுரை வழியாக. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் பள்ளிக்கூடம் நடத்துவதற்காக ஓபர்லின்காரர்கள் 1908இல் தொடங்கிய அமைப்பு 'ஓபர்லின் ஷான்சி'. அது பிற்பாடு ஆசியாவின் வேறு கல்லூரிகளோடும் உறவு வைத்துக்கொண்டது. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் பட்டம் முடித்த இளைஞர்களை இரண்டு வருடம் தங்கி வேலை செய்ய அனுப்பி வைத்தது. மதுரையில் ஆங்கிலம் கற்பித்த நான் அப்படி வந்த பலரோடு பழகியிருக்கிறேன். 1990களின் இறுதியில் ஒரு பருவம் ஓபர்லினிலேயே தங்கியிருந்தேன். என் அண்ணன் மகள் 2014 முதல் 2018 வரை அங்கே வேதியியல் படித்தாள். அதனால் கேள்விப்பட்டதை வைத்து நான் இதை எழுதவில்லை.

நீங்கள் கேட்ட முத்திரைகள் கல்லூரியைப் பற்றிச் சொல்லும்போது முக்கால்வாசி சரி. அங்கே படிக்கிற ஒரு பிள்ளையைக் காட்டி "இவள் இப்படித்தான்" என்று சொன்னால் பாதிக்கு மேல் தவறிவிடும். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

முதலில் ஊரின் அளவு. கிளீவ்லாந்து நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை எட்டாயிரம் சொச்சம். கல்லூரியில் ஏறத்தாழ 2,900 மாணவர்கள், அதில் 580 பேர் வரை இசைப் பள்ளியில். நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியிலேயே இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் ஐம்பது பேர் ஒரு காரியம் செய்தால் ஊருக்கே தெரியும். இரண்டாயிரம் பேர் அறைக்குள் உட்கார்ந்து படித்தால் யாருக்கும் தெரியாது.

போராட்டக்காரர்கள் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1833இல் தொடங்கிய கல்லூரி அது. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில், 1835இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 1837இல் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்தார்கள். 1841இல் மூன்று பெண்கள் ஆண்களுக்கு நிகரான இளங்கலைப் பட்டம் வாங்கினார்கள். மேரி ஜேன் பேட்டர்சன் என்ற கறுப்பினப் பெண் 1862இல் இளங்கலைப் பட்டம் பெற்றதும் இங்கேதான். 1858இல், தப்பி வந்து ஓபர்லினில் வாழ்ந்த ஜான் பிரைஸ் என்பவரை அடிமை பிடிப்பவர்கள் கடத்திக்கொண்டு பக்கத்து ஊரான வெலிங்டனுக்குப் போனபோது, ஊர்க்காரர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் திரண்டு போய் மீட்டு வந்தார்கள். அதற்காக 37 பேர் மேல் வழக்குப் போட்டது அரசு. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கல்லூரி இது. இன்றைக்கு விண்ணப்பம் போடுகிற பதினேழு வயதுப் பிள்ளையும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறது.

இங்கேதான் முத்திரை வேலை செய்யும் விதம் தெரியும். பெயர் முன்னால் போகிறது. அது பிடித்தவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், பிடிக்காதவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சேர்ந்தவர்களைப் பார்த்து, பார்த்தாயா நாங்கள் சொன்னது சரிதானே என்கிறது ஊர். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் இது நடக்காது. வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு என்று எல்லாத் தரப்பினரும் வந்து சேர்வார்கள். நாடு முழுவதிலிருந்தும் தேடி வருகிற சின்னக் கல்லூரிகளுக்கு அவற்றின் பெயரே பாதி வடிகட்டியாகிவிடுகிறது. அந்த அளவில் முத்திரை நிஜம்.

ஆனால் வடிகட்டி ஒரு சாயலைத்தான் தரும், எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்காது. இதற்கு என் அண்ணன் மகள் படித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 9, அதாவது அதிபர் தேர்தலுக்கு மறுநாள், கல்லூரிக்கு எதிரே 1885இலிருந்து நடந்து வரும் கிப்சன்ஸ் பேக்கரியில் ஒயின் திருடப் பார்த்ததாக ஒரு கறுப்பின மாணவரைக் கடைக்காரர் துரத்த, அந்த மாணவரோடு வந்த இன்னும் இரண்டு மாணவர்களும் சேர்ந்துகொள்ள, கைகலப்பாகிவிட்டது. கடை இனவெறியோடு நடந்துகொண்டது என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கடை வாசலில் கூடினார்கள். கல்லூரி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அந்தக் கடையில் சரக்கு வாங்குவதைக் கல்லூரி நிறுத்தியது. அடுத்த வருடம் சம்பந்தப்பட்ட மூன்று மாணவர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கடைக்காரர் இனவெறியால் அப்படிச் செய்யவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். கடைக் குடும்பம் கல்லூரி மேல் அவதூறு வழக்குப் போட்டு 2019இல் வென்றது. மேல்முறையீடு எல்லாம் முடிந்து 2022இல் கல்லூரி கொடுக்க நேர்ந்த தொகை வட்டியோடு 3.6 கோடி டாலருக்கு மேல்.

இந்த ஒரு வழக்குதான் உங்களிடம் பேசியவர்கள் மனதில் இருக்கும் ஓபர்லின். இதில் கல்லூரி தவறியது என்பது என் கருத்தும். ஒரு சின்னக் கடையைப் பற்றி விசாரிக்காமல் பேசினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டும். அந்த வாரம் என் அண்ணன் மகள் என்ன செய்தாள்? அரை மணி நேரம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள், பிறகு பாதியில் விட்டு வந்த சோதனை இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய அறைத்தோழி இரண்டு நாளும் தட்டி பிடித்து நின்றாள். இருவரும் இரவு ஒரே அறையில் அதைப் பற்றிப் பேசி, ஒத்துப்போகாமல், தூங்கினார்கள். அந்தக் கடையின் கோதுமை டோனட் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கப்புறம் தோழிகளுக்காகப் போவதை நிறுத்தினாள். அது சரியா என்று அவளுக்குப் பல மாதம் உறுத்தல் இருந்தது, என்னிடம் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டாள். அந்த உறுத்தலுக்கு எந்தச் செய்தித்தாளிலும் இடம் கிடையாது. ஆனால் அங்கே படித்த பலருடைய நிலை அதுவாகத்தான் இருந்தது என்கிறாள்.

நான்கு வருடத்தில் அந்தக் கல்லூரியின் மாணவர்கள் மொத்தமாக மாறிவிடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2016இல் வாசலில் நின்ற ஒருவரும் இன்று அங்கே மாணவராக இல்லை. ஆள் போன பிறகும் பெயர் மட்டும் நிற்கிறது.

இன்னொரு செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். 2015இல் உணவுக்கூடத்துச் சாப்பாடு தங்கள் பண்பாட்டை அவமதிக்கிறது என்று ஓபர்லின் மாணவர்கள் புகார் சொன்னதாக உலகமெல்லாம் கேலி பேசினார்கள். சுஷிச் சோறு வேகாமல் இருந்தது, 'பான் மீ' என்ற வியட்நாம் சாண்ட்விச்சை வேறு ரொட்டியில் வேறு கறியும் முட்டைக்கோஸ் சாலடும் வைத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் புகார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பன்னை நனைத்து அவித்து 'இட்லி' என்று பெயர்ப்பலகை வைத்தால், வீட்டை விட்டு வந்து ஆறு மாதமான நம் பிள்ளை என்ன சொல்லும்? பெரிய வார்த்தைகளைப் போட்டுச் சொன்னார்கள் என்பது உண்மை. உள்ளே இருந்தது வீட்டு ஞாபகம்.

சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம், இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஓபர்லினைப் புரிந்துகொள்ள அடுக்களைதான் நல்ல இடம். சைவக் கல்லூரி என்ற பெயர் ஹிப்பி காலத்தில் வந்ததாக எல்லாரும் நினைக்கிறார்கள். 1830களிலேயே சில்வெஸ்டர் கிரகாம் என்ற போதகரின் உணவுமுறையைக் கல்லூரி விடுதியில் நடத்திப் பார்த்தார்கள். இறைச்சி கிடையாது, தேநீர் காபி கிடையாது, மிளகு மசாலா கிடையாது, தவிட்டு ரொட்டிதான். பிள்ளைகள் தாங்கவில்லை. 1841இல் ஊரே கூடி எதிர்ப்புச் சொன்னபின் கைவிட்டார்கள். ஆக, அந்த முத்திரைக்கும் வயது ஒன்றே முக்கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது!

இன்றைக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றுவது 'கோ-ஆப்' என்ற மாணவர் கூட்டுறவு விடுதிகள். முதலாவது 1950இல் வந்தது. மாணவர்களே சரக்கு வாங்கி, சமைத்து, பாத்திரம் கழுவி, கணக்கும் பார்த்துக்கொள்வார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொருவருக்கும் முறை வேலை உண்டு, செலவும் கல்லூரி விடுதியைவிடக் குறைவு. எல்லாரும் அதில் இல்லை, பெரும்பாலோர் கல்லூரி உணவுக்கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள், அங்கே கோழி, மாடு எல்லாம் உண்டு. ஆனால் வெளியூர்ப் பத்திரிகைக்காரர் யார் வந்தாலும் படம் எடுப்பது கோ-ஆப்பில்தான்.

என் அண்ணன் மகள் இரண்டாம் வருடம் ஒரு கோ-ஆப்பில் சேர்ந்தாள். ஒரு நாள் எண்பது பேருக்கு சாம்பார் வைக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டு, மதியம் என்னைக் கூப்பிட்டாள். நம் ஊரில் விடிகாலை ஒன்றரை மணி. துவரம் பருப்பு இல்லை, மூட்டையாக இருந்தது மசூர் பருப்பு. புளி கிளீவ்லாந்துக் கடையிலிருந்து வாங்கிய பாட்டில் விழுது. உதவிக்கு இரண்டு பேர். டிராம்போன் வாசிக்கிற பையன் ஒருவன், அவன் வெங்காயம் நறுக்கினான். நிலவியல் படிக்கிற பெண் ஒருத்தி கேரட். கடைசியில் தாளிக்கப் போகும்போது இன்னொரு பெண் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. நாம் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், இத்தனை வருடம் சமைத்த எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: யாருக்குக் கடலை ஆகாது, யார் பால் சேர்க்கமாட்டார், யார் பன்றி தொடமாட்டார் என்று பெயர் வாரியாக. பெரிய அண்டாவில் பெருங்காயம் போடாமல், ஒரு சின்னப் பாத்திரத்தில் மட்டும் தனியாகத் தாளித்து எழுதி வைத்தார்கள். இரவு எட்டு மணிக்குள் இரண்டும் காலி. வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் அந்த ஓபர்லின் கிறுக்கு, ஆளாளுக்கு ஒரு சாப்பாட்டு விதி. உள்ளே பார்த்தால், பெயர் தெரியாத எண்பது பேரில் ஒருத்திக்கு வயிறு வலிக்கக் கூடாது என்பதற்காக இருபது வயதுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட சிரமம்.

பணக்காரப் பிள்ளைகள் என்ற முத்திரையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அது உண்மை, இருக்கிறவற்றில் கவலைப்பட வேண்டிய உண்மையும் அதுதான். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரது குழுவினரும் வருமான வரிப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி ஓபர்லின் மாணவர்களில் பத்துக்கு ஏழு பேர் நாட்டின் வருமான ஏணியில் மேல்படி ஐந்தில் ஒரு பங்கைச் சேர்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இது ஓபர்லினின் குறை மட்டும் இல்லை. கீழிருக்கும் அறுபது சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைவிட உச்சியிலிருக்கும் ஒரு சதவீதத்தினர் அதிகம் படித்த கல்லூரிகள் 38 என்று அதே ஆய்வு சொன்னது. ஓபர்லினில் முழுக் கட்டணம் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைக்கு, வேண்டுமென்றே கந்தல் போடுகிற பக்கத்து அறைப் பிள்ளையைப் பார்த்தால் ஒரு கசப்பு வரும். மதுரைக்கு வந்த ஓபர்லின் இளைஞர் ஒருவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னது: "அங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். விடுமுறைக்கு யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டால்தான் தெரியவரும்." உங்கள் மகளுக்குக் கிடைத்த உதவித்தொகை நான்கு வருடத்துக்கும் உண்டா, கட்டணம் ஏறும்போது அதுவும் ஏறுமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்வியையும்விட இது அவசரம்.

வேலை கிடைக்காது என்கிற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையை 1886இல் கண்டுபிடித்த சார்லஸ் மார்ட்டின் ஹால், அதற்கு முந்தைய வருடம்தான் ஓபர்லினில் பட்டம் வாங்கியிருந்தார். வேலை நடந்தது அதே ஊரில், அவர் வீட்டு விறகுக் கொட்டகையில். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1923இல் நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் மில்லிகன் இங்கே படித்தவர். அவரை இயற்பியல் நடத்தச் சொன்னது அவருடைய கிரேக்க மொழி ஆசிரியர். எனக்கு இயற்பியல் தெரியாதே என்றதற்கு, என் வகுப்பில் கிரேக்கம் நன்றாகப் படித்தவனால் இயற்பியலும் சொல்லிக்கொடுக்க முடியும் என்றாராம். மூளையின் இரு பாதிகளை ஆராய்ந்து 1981இல் நோபல் பெற்ற ரோஜர் ஸ்பெர்ரியும் ஓபர்லின் பட்டதாரி. நோபல் வாங்கினவர்களை வைத்து ஒரு சாதாரண மாணவிக்கு வேலை கிடைக்குமா என்று சொல்ல முடியாது, தெரியும். ஆனால் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களில் அளவுக்கு மீறிய பங்கு இந்த மாதிரிச் சின்னக் கல்லூரிகளிலிருந்து போகிறது. காரணம் எளிது. முதுகலை மாணவர்கள் அநேகமாக இல்லை என்பதால் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடுகிற கை பத்தொன்பது வயதுப் பிள்ளையுடையது.

இசைப் பள்ளி 1865இல் தொடங்கியது. நான் தங்கியிருந்த அறை அதற்குப் பக்கம். பயிற்சி அறைகள் மட்டும் ஏறக்குறைய நூற்றைம்பது, இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டைன்வே பியானோக்கள். இரவு பதினோரு மணிக்கு அந்தக் கட்டிடத்தைச் சுற்றி நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு, ஒரே நாலு வரியை நாற்பது தடவை வாசிக்கிற சத்தம். இவர்களுக்குப் போராட்டத்துக்கு ஏது நேரம்? ஐந்து வருடத்தில் இசைக்கும் கலை அறிவியலுக்கும் சேர்த்து இரண்டு பட்டம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் பல நூறு பேர். அவர்கள் தனிக் கூட்டமாக இருக்கிறார்கள் என்ற குறை நெடுங்காலமாக உண்டு, அதில் உண்மையும் உண்டு.

நீங்கள் கேட்கத் தயங்கி விட்டுவிட்ட ஒன்றையும் சொல்கிறேன். 1970இல் ஆண்களும் பெண்களும் ஒரே விடுதியில் தங்கலாம் என்று வந்தபோது 'லைஃப்' பத்திரிகை அட்டையில் போட்டது ஓபர்லினைத்தான். இன்றைக்குத் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் மாணவர்கள் ஒளிவுமறைவில்லாமல் வாழ்கிற இடம் அது. அரசியலில் இடதுசாரிச் சாய்வு தெளிவாகத் தெரியும். அந்த முத்திரை சரியானது, மறைக்க ஒன்றும் இல்லை. கடவுள் நம்பிக்கை உள்ள பிள்ளையோ, வலதுசாரிக் கருத்துள்ள பிள்ளையோ அங்கே படிக்க முடியும். ஆனால் சில வகுப்புகளில் வாயைத் திறக்க யோசிப்பார்கள். என் அண்ணன் மகள் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டவள். யாரும் கேலி செய்ததில்லை, மாறாக விவரம் கேட்டு உட்கார்ந்தார்கள். அரசியலில் நடுவாக ஒன்று சொன்னபோதுதான் மேசை அமைதியானது என்றாள்.

நான் இருந்த பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அதிகாலை ஐந்து மணிக்குக் கலைக்கூடத்து முற்றத்தில் கூடாரமும் போர்வையுமாக ஒரு கூட்டத்தைப் பார்த்து, போராட்டம்தான் என்று நானும் முடிவு கட்டினேன். கிட்டப் போய்க் கேட்டால், படம் வாடகைக்கு எடுக்க வரிசையாம். 1940இலிருந்து நடக்கிற வழக்கம். கலைக்கூடத்தில் இருக்கும் மூல ஓவியங்களையும் அச்சுப் படைப்புகளையும் ஒரு பருவத்துக்கு ஐந்து டாலர் கொடுத்து மாணவர்கள் தங்கள் அறையில் மாட்டிக்கொள்ளலாம், பிக்காசோ உட்பட. நல்ல படம் வேண்டும் என்றால் இரவே வந்து படுக்க வேண்டும். முதல் இடத்தில் போர்வைக்குள் கால்பந்து அணிச் சட்டை போட்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எந்தப் படம் என்று கேட்டேன். போன வருடம் அவன் அண்ணன் மாட்டியிருந்த அதே படம், வேறு எதுவும் வேண்டாம் என்றான்.

உங்கள் மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கூட்டத்தோடு ஒத்துப்போகாத நாளில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதே கூட்டத்தோடு பேச முடியுமா? ஐந்து மாதம் குளிர், பக்கத்தில் பெரிய ஊர் இல்லை, இருக்கிற 2,900 முகங்களே திரும்பத் திரும்ப வரும், அது தாங்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பயப்படாமல் அனுப்புங்கள். கோ-ஆப்பில் சேர முதல் வருடமே அவசரப்பட வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் விருந்தாளியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சேரட்டும். அப்புறம், பெட்டியில் பெருங்காயம் வைக்கும்போது கோதுமை மாவு கலக்காததாகப் பார்த்து வாங்கி வையுங்கள். எண்பது பேருக்கும் அதையே போட்டுவிடலாம்.